துரை கல்லறையில் ஒரு படையல்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் இரண்டு இடுகாடுகள் இருந்தன. துரை பங்களாவை ஒட்டிய மேட்டில், கறுப்புச் சாயம் பூசிய இரும்பு வேலிக்குள் இருந்தது வெள்ளைக்காரர்களுடையது. அதில் இரண்டே கல்லறைகள். என் தகப்பன் வழி ஆட்கள் கப்பலேறி வருவதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோன ஒரு துரை. பக்கத்தில் அவருடைய கைக்குழந்தை. எங்களுடையது தோட்டத்தின் கடைசியில், ஓடையைத் தாண்டி, ரப்பர் நட்டாலும் தேறாது என்று விட்டுவிட்ட பள்ளத்தில் இருந்தது. அதில் எத்தனை பேர் கிடந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் குழி வெட்டினால் இடுப்பளவு ஆழத்திலேயே தண்ணீர் ஊறிவிடும். பெட்டியை இறக்கிய பிறகு அது மிதக்காமல் இருக்க ஆண்கள் மேலே ஏறி மிதிப்பார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். பெண்பிள்ளைகள் இடுகாட்டுக்குப் போகக்கூடாது என்பார்கள். ஆனால் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றாலே எல்லாம் தெரியும்.

அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. புல் வெட்டுவது, மருந்து அடிப்பது, உரம் போடுவது. மாதத்துக்கு ஒரு தடவை, வேலையை மேற்பார்க்கும் தண்டல் இரண்டு பெண்களைப் பங்களா மேட்டுக்கு அனுப்புவார். துரை கல்லறையைச் சுற்றிப் புல் வெட்டி, கல்லில் பிடித்த பாசியைத் தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த இருவரில் ஒருத்தி எப்போதும் அம்மாதான். அவர் வேலை சுத்தமாக இருக்கும் என்று தண்டலுக்குத் தெரியும். இது கம்பெனி நேரத்தில் நடக்கும் வேலை. எங்கள் ஆட்கள் கிடந்த பள்ளத்துக்கு ஒரு கத்தியும் போகாது. லாலான் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து, பாம்பு குடியிருக்கும். சுத்தம் செய்வதென்றால் ஞாயிற்றுக்கிழமை, அவரவர் கத்தியோடு, அவரவர் முதுகை ஒடித்துக்கொண்டு செய்ய வேண்டும். ஒரு தடவை அம்மா, பள்ளத்துக்குப் போகும் பாதையை மட்டுமாவது வேலை நேரத்தில் வெட்டிவிடலாமா என்று தண்டலிடம் கேட்டாராம். செத்தவன் எழுந்து வந்து பால்மரம் வெட்டுவானா என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அம்மா இதை வீட்டில் வந்து சொன்னபோது அப்பா சிரித்தார். எனக்கு அப்போது பத்து வயதுகூட இருக்காது. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த புதிதில் அப்பா இறந்தார். பாலெடுக்க மரம் வெட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் தோட்டத்து மருந்தகத்துக்குத் தூக்கி வந்தார்கள். அங்கிருந்த டிரஸர் வாயுத் தொல்லை என்று சொல்லி வெள்ளை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழி வெட்ட நான்கு பேருக்கு அரை நாள் விடுப்பு கிடைத்தது. மழை பெய்துகொண்டிருந்தது. என் அப்பாவின் பெட்டி மேலேயும் ஆட்கள் ஏறி மிதித்தார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். அண்ணன் அந்தப் பக்கம், குழியின் விளிம்பில், மொட்டைத் தலையோடு நின்றான்.

சிமெண்டுக்கு எங்களுக்கு வசதியில்லை. அம்மா ஓடையில் கற்களைப் பொறுக்கி, அப்பாவின் குழிமேட்டைச் சுற்றி வரிசையாகப் பதித்தார். தலைமாட்டில் சிவப்பு இலைக் குரோட்டன் ஒன்றை நட்டார். கருமாதி முடிந்த மறு வாரமே, வழக்கம்போல் துரை கல்லறைக்குப் புல் வெட்டும் முறை வந்தது. அம்மா போனார். துரையின் மேலும் அந்தக் குழந்தையின் மேலும் அவருக்குக் கோபம் இருந்ததே இல்லை. பாவம், பெற்ற பிள்ளையைக் கண்காணாத தேசத்தில் புதைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வார். கோபமெல்லாம் எனக்குத்தான் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போடப் போகிறார்கள் என்றார்கள். நிரந்தர வேலை போய்க் குத்தகை வேலை வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பாதிக்கு மேல் காலியானது. நாங்களும் பக்கத்து நகரமான ஈப்போவுக்கு வந்து ஜெலாப்பாங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறினோம். அண்ணன் லாரிப் பட்டறையில் சேர்ந்தான். நான் துணி ஆலையில் சேர்ந்தேன். அம்மாவுக்கு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தட்டுக் கழுவும் வேலை. ஆனால் அப்பாவின் வருசத் திதிக்கு மட்டும் யார் என்ன சொன்னாலும் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். கோப்பெங் வரை பேருந்து. அங்கிருந்து வழியில் கிடைக்கும் லாரி, கிடைக்காவிட்டால் நடை. பேருந்தில் கருவாட்டுக் குழம்பு வாசம் வருகிறது என்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா தூக்குச் சட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு நேராகப் பார்ப்பார்.

அந்த வருசமும் அப்படித்தான் போனோம். எண்பதுகளின் தொடக்கம் அது. அம்மா, அண்ணன், நான். குழம்பு, அவித்த முட்டை, வாழையிலை, அப்பாவுக்குப் பிடித்த கறுப்பு பீர் ஒரு போத்தல். தோட்டத்துக்குள் நுழையும்போதே வெயில் முகத்தில் அடித்தது. அங்கே எப்போதும் நிழல்தான் இருக்கும். ரப்பர் மரங்களைக் காணோம். குன்றுகளைப் படிப்படியாகச் செதுக்கிச் சிவப்பாக விட்டிருந்தார்கள். ஓடையைத் தேடினோம். அது ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் போயிருந்தது. குழாயைத் தாண்டினால் சமதரை. கறுப்புப் பைகளில் செம்பனைக் கன்றுகள் வரிசையாக நின்றன.

அம்மா முதலில் பாதை மாறிவிட்டதாக நினைத்தார். குரோட்டன் எங்கே, தண்டல் வீட்டு ஆள் சமாதியில் இருந்த சூலம் எங்கே என்று கேட்டுக்கொண்டே அங்குமிங்கும் நடந்தார். அண்ணன்தான் கீழே குனிந்து எதையோ எடுத்தான். நீலச் சுண்ணாம்பு பூசிய சிமெண்டுத் துண்டு. யாருடைய சமாதியின் ஓரமோ. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அழவில்லை. தூக்குச் சட்டி சாயாமல் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

சற்றுத் தள்ளி ஒரு புல்டோசர் நின்றது. அதன் நிழலில் சீனக் கிழவர் ஒருவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவரிடம் போய் மலாயில் கத்தினான். அவர் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்று பதில் சொன்னார். மண்ணோடு சிமெண்டு கிளம்பி வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டாராம். ஆபீசில் போய்ச் சொன்னாராம். வேலையைப் பார் என்று திருப்பி அனுப்பினார்களாம். முடியாது என்றதும் அவரை வேறு குன்றுக்கு அனுப்பிவிட்டு, வேறு ஆளை வைத்து முடித்துவிட்டார்களாம். மண்ணை எங்கே தள்ளினார்கள் என்று அண்ணன் கேட்டான். அவர் கையை நீட்டிக் காட்டினார். பாதைக்குக் கீழே பெரிய சரிவு. வேரும் கட்டையும் செம்மண்ணும் கலந்து குவிந்து கிடந்தன. அதன் விளிம்பில் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகள் சில நின்றன. அவர் நட்டவைதான். அந்தத் தோட்டத்தில் எங்கள் ஆட்களுக்காக ஒரு குச்சி கொளுத்தியவர் அவர் ஒருவர்தான்.

ஆபீசுக்குப் போனோம். அங்கே கணக்கு வழக்குப் பார்த்த கிராணியார் எங்கள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அம்மாவை நன்றாகத் தெரியும். உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

"யாரைக் கேட்டு இடுகாட்டை இடிச்சீங்க?" என்றான் அண்ணன்.

கிராணியார் பொறுமையாகத்தான் பேசினார். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. நிலம் கம்பெனியுடையது என்றார். பழைய பிளானில் அங்கே இடுகாடு என்று எதுவும் போடவில்லை என்றார். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று ஆபீஸ் சுவரில் அறிவிப்புகூட ஒட்டினோம், யாரும் வரவில்லை என்றார். தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்குத் தோட்டத்து ஆபீஸ் சுவரில் அறிவிப்பு ஒட்டுவது எப்பேர்ப்பட்ட நியாயம் என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அண்ணனிடமே பேசினார்.

"நாங்க என்னா செய்ய முடியும்லா, தம்பி. மேலேருந்து சொல்றாங்க, செய்றோம்."

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "மேட்டுல கெடக்குற தொரைக்கும் நோட்டீஸ் ஒட்டுனீங்களா, கிராணியாரே?"

"அது வேற, அக்கா."

"என்னா வேற?"

கிராணியார் மேசை மேல் இருந்த தேநீர் கிளாஸின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். அம்மா திரும்பி வெளியே நடந்தார்.

பேருந்துக்குத்தான் போகிறார் என்று நினைத்தோம். அவர் பங்களா மேட்டில் ஏறினார். நாங்கள் பின்னால் ஓடினோம். மேட்டின் மேல் எல்லாம் அப்படியே இருந்தது. வேலிக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார்கள். புல் ஒட்ட வெட்டியிருந்தது. சுற்றிலும் ஒரு மரத்தைக்கூடத் தொடவில்லை. அம்மா கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கித் திறந்து உள்ளே போய், துரையின் கல்லறைக் கல்லை முந்தானையால் துடைத்தார். இலையை விரித்தார்.

அண்ணன் பயந்துபோனான். "அம்மா, வேணாம். போலீஸ் கூப்பிடுவாங்க. வா, வீட்டுல போயி படைச்சிக்கலாம்."

"வீட்டுலயா உங்கப்பன் கெடக்கான்?" என்றார் அம்மா. "இந்த மனுசனுக்கு இத்தன வருசம் புல்லு வெட்டியிருக்கேன். இன்னிக்கு ஒரு நாளு எனக்கு எடம் குடுக்கட்டும்."

சோற்றைப் போட்டார். குழம்பை ஊற்றினார். முட்டையை உரித்து வைத்தார். பீர் போத்தலை நான் திறந்து கொடுத்தேன். அந்த நிமிடத்தில் எனக்குப் பயமே இல்லை. அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. நெஞ்சில் கனத்தாலும் அதில் ஒரு தெளிவு இருந்தது. குழந்தையின் கல்லறையிலும் அம்மா ஒரு பிடி சோறு வைத்தார். பிறகு கற்பூரம் ஏற்றினார்.

காவலுக்கு இருந்தவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு ஆபீசுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. கிராணியாரும் புது மேனேஜரும் இறங்கினார்கள். வெள்ளைக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். இந்த மேனேஜர் நம்மவர்தான், நன்றாகத் தமிழ் பேசுவார். ஆனாலும் தோட்டத்தில் அவரையும் துரை என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார். அதற்குள் வேலை முடிந்து வந்த பெண்கள் சிலர் மேட்டில் ஏறி வந்து வேலியைச் சுற்றி நின்றார்கள். எல்லாரும் அம்மாவோடு கத்தி பிடித்தவர்கள்.

மேனேஜர் வேலிக்கு வெளியிலேயே நின்றார். "அம்மா, இது பிரைவட் எடம். இங்க இதெல்லாம் செய்யக்கூடாது. எழுந்து வாங்க."

"எங்காளுங்க எடத்தக் காட்டுங்க, தொரை. அங்க போயி செய்றேன்."

"அதுக்குத்தான் மிஷின் எறங்குறதுக்கு முன்னாடியே பொதுவா ஒரு பூசை போட்டோமே. பூசாரி வச்சி, ஆடு வெட்டி, எல்லாருக்கும் சோறு போட்டோம். இன்னும் என்னா செய்யணும்?"

 அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு உறைத்தது. கிராணியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான ஆபீசுல, அங்க இடுகாடே இல்லன்னு சொன்னீங்க," என்றேன். "இல்லாத இடுகாட்டுக்கு எதுக்கு ஆடு வெட்டுனீங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார், கிராணியாரைப் பார்த்தார்.  வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களில் ஒருவர்தான் பேசினார். அம்மாவின் வயதுக்காரர், நல்ல கனத்த குரல்.

"அவருக்குத் தெரியாதா? மிஷின் வாறதுக்கு முந்துன மாசமே அவங்கப்பாவத் தோண்டி எடுத்து கோப்பெங் இடுகாட்டுல கொண்டுபோயி அடக்கம் பண்ணிட்டாரே. நாங்க பாத்தோமே."

கிராணியாரின் அப்பாவும் அந்தப் பள்ளத்தில் கிடந்தவர்தான். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவர் தன் தகப்பனை எடுத்துக்கொண்டதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் ஈப்போவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அண்ணன் வேலை செய்த பட்டறை அவருக்குத் தெரியும். தன் மோட்டார் சைக்கிளை அங்கே கொண்டுவந்து பழுது பார்த்திருக்கிறார். சொல்லியிருந்தால் நாங்கள் ஒரு பெட்டியோடு வந்திருப்போம். லயத்தில் இருந்த அத்தனை குடும்பமும் வந்திருக்கும். அதுதான் அவருக்குப் பயம். எல்லாரும் வந்துவிடுவார்களே, வேலை நின்றுவிடுமே என்ற பயம்.

போலீசுக்குச் சொல்லப் போவதாக மேனேஜர் சொன்னார். சொல்லுங்கள் என்றார் அம்மா. கற்பூரம் அணைந்த பிறகு இலையில் இருந்ததைப் பிடி பிடியாக எடுத்து, வேலிக் கம்பிகளுக்கு இடையே கையை நீட்டி, நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பெண்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். காவல்காரரும் வாங்கிக்கொண்டார். மேனேஜருக்கு நீட்டியபோது அவர் பின்னால் நகர்ந்து ஜீப்பில் ஏறிக்கொண்டார். போலீஸ் வரவில்லை. கூப்பிட்டாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது.

இந்தச் சேதி பரவியது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தெலுக் இந்தானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும், தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்கள் தூக்குச் சட்டியோடு மேட்டில் ஏறின. கம்பெனி கேட்டைப் பூட்டியது. அவர்கள் வேலிக்கு வெளியே வரிசையாக இலை போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டைச் சுற்றி இலைகள் போட இடமில்லாமல், பங்களாவின் புல்தரைவரை போனது. அன்று அம்மா முகத்தில் பல காலத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

பிறகு அரசியல்காரர் வந்தார். மாலை வாங்கிக்கொண்டார். முன்னோர்களின் தியாகம் என்றார், நாட்டின் வளர்ச்சி என்றார், இரண்டும் முக்கியம் என்றார். சரிவில் தள்ளிய மண்ணைத் தோண்டி எலும்புகளையாவது எடுத்துத் தாருங்கள் என்று நாங்கள் கேட்டோம். மண் சரிந்துவிடும், ஆபத்து என்றார்கள். பேசிப் பேசிக் கடைசியில் சரிவின் ஓரமாக ஒரு துண்டு நிலத்தை வேலி போட்டுக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு சிமெண்டுத் தூண். தோட்டத்து முன்னோர் நினைவாக என்று அதில் எழுதியிருந்தது. ஒரு பெயர் இல்லை. பட்டியல் இல்லையே, யார் பெயரை எழுதுவது என்றார்கள். கேட்டிருந்தால் அந்த லயத்துப் பெண்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெயர்களைச் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. மேட்டில் இருந்த துரைக்கும், பிறந்து சில மாதமே வாழ்ந்த அவர் குழந்தைக்கும் கல்லில் பெயர் இருக்கிறது, பிறந்த ஊர் இருக்கிறது. முப்பது வருசம் மரம் வெட்டிய என் அப்பா முன்னோர் ஆகிவிட்டார்.

தூணுக்கு முதல் விளக்கு ஏற்ற அம்மாவைக் கூப்பிட்டார்கள். எல்லாம் அவரால்தான் கிடைத்தது என்று சொல்லி வீட்டுக்கே ஆள் வந்தது. அண்ணன் போகச் சொன்னான். "இவ்ளோதான்மா கெடைக்கும். இதையும் வேணாம்னா அவங்களுக்குத்தான் வசதி. போயி ஏத்திட்டு வந்துரு," என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். நான் அவனோடு பல நாள் பேசாமல் இருந்தேன். அம்மா போகவில்லை. அந்தத் தூணின் அடியில் யாரும் இல்லை, வெறும் தூணுக்கு நான் ஏன் விளக்கு ஏற்ற வேண்டும் என்று வந்தவரிடம் சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு அப்பாவுக்குப் படையல் ஜெலாப்பாங் வீட்டில்தான்.

எண்பதுகளின் கடைசியில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு காலை நேரம், நான் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னார். "என்னப் பொதைக்காதீங்க. எரிச்சிருங்க. மண்ணுக்குள்ள வச்சா எவனாச்சும் வந்து வெல பேசிருவான்."

எங்கள் வீட்டில் புதைப்பதுதான் வழக்கம். அம்மா இறந்ததும் அப்பா வழி உறவினர்கள் சண்டைக்கு வந்தார்கள். எரித்தால் பாவம், காலங்காலமாக இல்லாத வழக்கம், ஈப்போவில் இடுகாடா இல்லை என்றார்கள். எல்லாரையும் அனுசரித்துப் போகும் அண்ணன் அன்றைக்கு வாசலில் நின்று, அம்மா சொன்னபடிதான் நடக்கும், பிடிக்காதவர்கள் இப்போதே கிளம்பலாம் என்றான். சிலர் கிளம்பினார்கள்.

சாம்பலை லுமுட்டுக்குக் கொண்டுபோய்ப் படகில் ஏறிக் கரைத்தோம். அண்ணன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கிராணியாரையும் மேனேஜரையும் அரசியல்காரரையும் ஒருவர் விடாமல் நினைத்துத் திட்டிக்கொண்டே, தண்ணீரில் கையைக் கழுவினேன். எங்கள் குடும்பத்தில் அதன் பிறகு யாரையும் புதைக்கவில்லை.